யாருக்கு எந்த சைக்கிள்?

சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம், காலை ஐந்தரை மணிக்கே பாய்லர் சூடாகிவிடும் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே தினமும் கூடும் கோஷ்டியில் நாங்கள் நாலு பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், இன்னும் ஓய்வு பெறாத சைக்கிள் மெக்கானிக் ஒருவர், அப்புறம் நான். பெயர்கள் வேண்டாம். மூன்று பேருமே இதைப் படிப்பார்கள். படித்துவிட்டு, மறுநாள் டீக்கு என்னையே காசு கொடுக்கச் சொல்வார்கள்.

அரசியல், முட்டி வலி, பேரப்பிள்ளைகளின் மார்க் என்று எங்கள் பேச்சு வழக்கமாக ஒரே வட்டத்தில் சுற்றும். போன தை மாதம் மட்டும் பதினைந்து நாள் வேறு எதுவும் பேசவில்லை. சைக்கிளைப் பற்றித்தான் பேசினோம். காரணம், என் வலது மணிக்கட்டில் இருந்த கட்டு.

நடந்தது இதுதான். எனக்கு எழுபது முடிந்ததை முன்னிட்டு, சென்னையில் இருக்கும் என் பையன் ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பினான். "அப்பா, தினம் அரை மணி நேரம் ஓட்டுங்க. முட்டிக்கு நல்லது" என்றான். பார்க்க அழகான வண்டி. தடித்த டயர், நேரான ஹேண்டில் பார், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஆனால் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. இருபத்தொரு கியர் வைத்தவர்களுக்கு ஒரு பெல் வைக்க இடம் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் உள்ளங்கை மாதிரிச் சமமாக இருக்கும். ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வரைக்கும் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். வழியில் மேடு என்றால் ஸ்பீட் பிரேக்கர்தான். இதற்கு இருபத்தொரு கியரா என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பியதைக் குறை சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை. வேட்டி கட்டிக்கொண்டு ஏறினேன். அந்த வண்டியின் பார் உயரம். காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது இடுப்பு கொஞ்சம் தடுமாறியது, சமாளித்து உட்கார்ந்துவிட்டேன். பத்தடி போயிருப்பேன். வேட்டியின் நுனி செயினுக்கும் முன் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பெடல் நின்றுவிட்டது, வண்டி சாய்ந்தது. காலை ஊன்றலாம் என்றால் பார் குறுக்கே நிற்கிறது. கையை ஊன்றினேன். தெரு முனையில் பூ விற்கும் அம்மாதான் ஓடிவந்து வேட்டியைக் கிழித்து என்னை விடுவித்தார்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். என் மனைவி மட்டும், "ஏங்க, எழுபது வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுப் பூட்டிவிட்டாள். சாவி எங்கே என்று இன்று வரை எனக்குச் சொல்லவில்லை.

டீக்கடையில் விவாதம் ஆரம்பமானது. முதலில் கண்டக்டர் நண்பர். "சைக்கிள் காலம் முடிஞ்சுபோச்சு சார். வேலைக்கு இப்ப யார் சைக்கிள்ல போறா? எல்லார்கிட்டயும் டூ வீலர் இருக்கு. இனிமே சைக்கிள்னா ஒண்ணு பள்ளிக்கூடப் பசங்க, இல்லன்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு எக்சர்சைஸ் பண்றவங்க."

தலைமையாசிரியர் அதற்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தார். 1951ல் ஆரம்பித்த அட்லஸ் கம்பெனி, டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்த தொழிற்சாலையில் 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அன்றைக்குத்தான் உலக சைக்கிள் தினம். "இதைவிட வேற சாட்சி என்ன வேணும்?" என்றார்.

அப்புறம் அவரே மனசாட்சிக்குப் பயந்து இன்னொன்றும் சொன்னார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வீடு வீடாகப் போய் எழுதியவர். அந்த முறை, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிளில் போவதாக முடிவு வந்தது. "ஆனா அது எல்லாரையும் சேர்த்த கணக்கு இல்ல. விவசாயம் பண்றவங்களையும் வீட்டுலயே தொழில் பண்றவங்களையும் அந்தக் கேள்வி கேக்கல" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தை எனக்குள் எங்கேயோ தைத்தது. வீட்டிலேயே தொழில் என்றால் நம் ஊரில் யார்? தறிக்காரர்கள். என் அப்பா.

மெக்கானிக் அதுவரை பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், சைக்கிள் மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல. ரெண்டு பேருக்கும் ஜாதகம் பொருந்தல."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்குறீங்க. சைக்கிளுக்கு நாலாவது பாக்க வேணாமா? ஏத்துற சுமை என்ன, கால் எவ்வளவு தூக்க முடியும், உடம்புல என்ன துணி, போற வழி எப்படி. இந்த நாலும் பாக்காம கலரைப் பாத்து வாங்கினா விழத்தான் வேணும்."

அன்று வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் இந்தப் பொருத்தத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நான்தான் மறந்துவிட்டேன்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர். வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் வேலைக்குப் போயாகிவிட்டது. தறிக்காரனுக்கு எதற்கு சைக்கிள் என்று கேட்கலாம். பட்டு நூல் வாங்கி வர வேண்டும், சாயத்துக்குக் கொடுத்து வாங்க வேண்டும், பாவு கொண்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெய்து முடித்த சேலையைக் கொண்டு போய்க் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். பதினைந்து இருபது நாள் உழைப்பு அந்த ஒரு பொட்டலத்தில் இருக்கும். அதைச் சுமந்துகொண்டு போகிற ஒரு மணி நேரம்தான் தறிக்காரர் வேலைக்குப் போகிற நேரம்.

சொந்த சைக்கிள் வாங்க அப்பாவுக்கு வசதி இல்லை. எங்கள் தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு இவ்வளவு பைசா என்று கணக்கு. கடைக்காரர் ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதி வைப்பார். நாங்கள் சின்னப் பையன்கள் அரை மணி நேரம் எடுத்து, பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதெல்லாம் அந்த வண்டிகளில்தான். உங்களில் பல பேருக்கு முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். வாடகை சைக்கிள் எதற்கும் செயின் கவர் இருக்காது. அடிக்கடி செயின் கழன்று விழும், மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று கழற்றி வைத்துவிடுவார்கள்.

1964. எனக்குப் பன்னிரண்டு வயது. முகூர்த்தச் சேலை ஒன்று. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், கோர்வை. கோர்வை என்றால் உங்களுக்குத் தெரியும், உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடா ஓடும். ஒருவரால் நெய்ய முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்தச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டுகிற வரைக்கும்.

சேலையை அறுத்து, மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, வாடகை சைக்கிள் கேரியரில் வைத்து அப்பா புறப்பட்டார். நான் பின்னாலேயே ஓடினேன், கூலி வாங்கி வரும்போது பக்கோடா கிடைக்கும் என்று. அந்த வண்டியின் கேரியரில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. காந்தி ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. பொட்டலம் வலது பக்கமாகச் சரிந்தது. நான் கத்துவதற்குள் வெள்ளைத் துணியின் ஒரு முனை செயினில் மாட்டி உள்ளே இழுத்துவிட்டது. அப்பா இறங்கி எடுத்துப் பார்த்தார். மாம்பழ மஞ்சளில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மசகு.

சேலை கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று விரிவாக எழுத விரும்பவில்லை. கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தோம். அன்றிலிருந்து பல வருஷம், சேலை கொடுக்கப் போகும்போது அப்பா சைக்கிளைத் தொட்டதே இல்லை. பொட்டலத்தைத் தோளில் வைத்து நடந்துதான் போவார், மழையானாலும் வெயிலானாலும்.

1975ல் எனக்கு அரசு வேலை கிடைத்தது. ரயில்வே ரோடு பக்கம் அலுவலகம். அப்போது அரசு ஊழியர்களுக்கு சைக்கிள் முன்பணம் கொடுப்பார்கள், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மறு வருஷமே மனுப் போட்டு வாங்கினேன். கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் காலத்தில் சைக்கிள் கடையில் மதம் மாதிரி பிரிவுகள் இருந்தன. ராலே என்றால் கௌரவம். ஹெர்குலிஸ் நம் அம்பத்தூரில், 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் செய்வது. ஹீரோவும் அட்லஸும் வடக்கிலிருந்து வருபவை, பாரம் தாங்கும் என்பார்கள். பால்காரர், இளநீர்க்காரர் எல்லாம் டபுள் பார் வண்டி எடுப்பார்கள். கடைக்காரர் எனக்கு 24 இன்ச் ஃபிரேம் ஹெர்குலிஸைக் காட்டி, "ஆபீசருக்கு இதுதான் எடுப்பா இருக்கும்" என்றார். எனக்கும் ஆசைதான். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். அப்பா என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார். கால் தரையில் எட்டவில்லை. "இருபத்திரண்டு எடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

அடுத்து வண்டியின் பெயரையோ கலரையோ அவர் பார்க்கவில்லை. கீழே குனிந்து, செயின் கவரைக் கையால் தட்டி, அதன் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இது முழுசா மூடுதா?"

முழு செயின் கவர் போட்ட வண்டியைத்தான் வாங்கினோம். முந்நூறு ரூபாய் சொச்சம். முதல் வாரமே நான் அதில் அப்பாவின் சேலையைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த ஹெர்குலிஸில் இருபது வருஷம் ஆபீஸ் போனேன். நகராட்சி லைசென்ஸ் வில்லையை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் டைனமோ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, டபுள்ஸ் போய்ப் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விட்டதால் தள்ளிக்கொண்டு வந்து, எல்லாம் ஆயிற்று. எங்கள் ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்றுகூட இல்லை. 1980ல் டிவிஎஸ் 50 வந்தது. ஒவ்வொருவராக மாறினார்கள், கடைசியில் நானும் மாறினேன். ஹெர்குலிஸைச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் வீட்டில் அதன் பின்சக்கரம் தார் சுற்றும் ராட்டையாகிவிட்டது. நம் ஊரில் சைக்கிளுக்கு அப்படி ஒரு மறுபிறவி உண்டு.

அந்த இருபது வருஷத்தில் எங்கள் ஸ்டாண்டில் பெண்கள் சைக்கிள் எத்தனை என்று யோசித்தேன். நினைவில் ஒன்றே ஒன்றுதான். டைப்பிஸ்ட் அம்மா ஒருவர். தெருவில் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று அவரும் ஒரு வருஷத்தில் நிறுத்திவிட்டார். யாருக்கு எந்த சைக்கிள் என்பதைச் சுமையும் காலும் முடிவு செய்யவில்லை, ஊர் முடிவு செய்தது.

இதை முதலில் உடைத்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கூலிப் பெண்கள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். அதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. லேடீஸ் சைக்கிள் போதாமல் பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பியும் எடுத்தார்கள். ஏன் தெரியுமா? சீட்டிலிருந்து ஹேண்டில் வரை குறுக்கே போகும் அந்தப் பாரில் ஒரு சின்ன சீட் வைத்துக் குழந்தையை உட்கார வைக்கலாம். வண்டி ஆணுக்கா பெண்ணுக்கா என்று அவர்கள் பார்க்கவில்லை. குழந்தை எங்கே உட்காரும் என்று பார்த்தார்கள்.

அதற்கப்புறம் 2001ல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவசமாக சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. சில வருஷத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் வந்தது. இன்றைக்கு நம் ஊரில் பெண் பிள்ளை சைக்கிளில் போனால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

சரி, டீக்கடைக்குத் திரும்புகிறேன். கண்டக்டர் சொன்னது சரியா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். கட்டுப் போட்ட கைக்கு வேறு வேலையும் இல்லை. நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். எண்ணிக்கையை விட, யார் யார் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் சுவாரசியமாக இருந்தது.

பேப்பர் போடும் பையன். பால் பாக்கெட் போடுபவர், பழைய டபுள் பார் வண்டி, இரண்டு பக்கமும் பை. இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன்கள் மூன்று நாலு பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தூய்மைப் பணிக்குப் போகும் அம்மா ஒருவர். கேரியரில் டீ கேன் கட்டியவர். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். சைக்கிளை எங்கேயோ நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகும் இளைஞர்கள். ஹெல்மெட் மாட்டியவர்களும் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் கண்ணில் பட்ட அளவுக்கு மற்றவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் கவனித்தேன். போன ஆண்களில் பாதிப் பேர் ஓட்டியது பார் இல்லாத சைக்கிள். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசு சைக்கிள்.

அதில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருத் தறிக்காரர். அறுபதை நெருங்குகிறார். முன்னால் இருந்த கூடையில் ஒரு பொட்டலம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டேன்.

"என்னப்பா, சேலை அறுத்தாச்சா?"

"ஆச்சு சார். கொடுக்கத்தான் போறேன்."

"பொண்ணு வண்டியா?"

"ஆமா சார். அவ காலேஜ் பஸ்ல போறா. இது சும்மாதான் நின்னுது. மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. பசங்க சிரிச்சாங்க." கூடையின் மேல் கை வைத்துக்கொண்டார். "ஆனா சார், பின்னாடி கேரியர்ல வெச்சா திரும்பித் திரும்பிப் பாக்கணும். இது கண்ணு முன்னாடி இருக்குது பாருங்க. செயின் அங்க, சேலை இங்க."

அவர் போன பிறகும் நான் அந்தக் கூடையையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1964ல் அப்பாவுக்கு வேண்டியிருந்தது இதுதான். தளராத ஒரு கூடை, மூடிய ஒரு செயின். அப்போது பெண்கள் சைக்கிள் ஊரில் ஒன்றிரண்டு இருந்தது. இருந்தும் அதை ஒரு தறிக்காரர் எடுத்து ஓட்டலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அப்பாவுக்கும் தோன்றியிருக்காது. பாதிக் கூலியைவிடச் சிரிப்புக்குத்தான் நாம் அதிகம் பயந்தோம்.

அப்படியென்றால் எனக்கு? காலைத் தூக்கிப் போட முடியவில்லை, வேட்டி கட்டுகிறேன், ஊர் சமதளம், ஏற்றுவது இரண்டு கிலோ காய்கறி. மெக்கானிக் சொன்ன நாலு பொருத்தத்தையும் போட்டுப் பார்த்தால் விடை ஒன்றுதான். அது எனக்கு விழுந்த அன்றே தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"சார், ஒரு லேடி பேர்டு போட்டுக் கொடுக்கட்டுமா? செகண்ட் ஹேண்ட்ல நல்லது ஒண்ணு இருக்கு" என்றார் மெக்கானிக்.

தலைமையாசிரியர் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "இந்த வயசுல லேடீஸ் சைக்கிளா? தெருவுல தலை காட்ட முடியுமா ஐயா?"

நான் புதுக்கோட்டைப் பெண்களைச் சொன்னேன். அப்புறம் நெதர்லாந்தைச் சொன்னேன். சைக்கிளுக்குப் பெயர் போன அந்த நாட்டில் குனிந்து வளைந்த பார் வைத்த பழைய மாடல் ஒன்றுக்குப் பாட்டி சைக்கிள் என்றே பெயர். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், செயினை முழுக்க மூடியிருப்பார்கள், துணி அழுக்காகாது. அதை அங்கே வாட்டசாட்டமான ஆண்களும் ஓட்டுகிறார்கள். "அவங்க பேன்ட் போட்டுக்கிட்டே அப்படி மூடி வெச்சிருக்காங்க. நாம வேட்டி கட்டிக்கிட்டுத் திறந்து வெச்சிருக்கோம்" என்றேன். கண்டக்டர் என் பக்கம் சாய்ந்துவிட்டார். தலைமையாசிரியர் சாயவில்லை. "எது சொன்னாலும் பார் இல்லாத வண்டி வண்டியே இல்ல" என்றார். இன்று வரை அதையே சொல்கிறார். சொல்லட்டும். அவர் எந்த வண்டியும் ஓட்டுவதில்லை.

மெக்கானிக் கடையில் அந்த வண்டியைப் பார்த்தேன். நீலக் கலர், 26 இன்ச் சக்கரம், முன்னால் கூடை, பெரிய ஸ்டாண்டு, பெல். சீட்டில் உட்கார வைத்து, "குதிகாலைப் பெடல் மேல வைங்க. பெடல் கீழ இருக்கறப்போ முட்டி ஏறக்குறைய நேராகணும். மடங்கியே இருந்தா சீட்டை ஏத்தணும், இல்லன்னா முட்டி வலிக்கும்" என்று சரி செய்து கொடுத்தார். நம் வயசுக்காரர்கள் பலர் பயத்தில் சீட்டை மிகவும் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் முட்டியைக் கெடுக்கிறது என்றார். இதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். தடித்த டயர் மண் ரோட்டுக்குத்தான். தார் ரோட்டில் அது வீணாக மிதிக்க வைக்கும். மெலிந்த டயரில் காற்று நிறைய இருந்தால் போதும்.

பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன் குனிந்தேன். இடது கையை ஊன்றிக்கொண்டுதான் குனிய முடிந்தது. செயின் கவரைச் சுற்றி விரலை ஓட்டினேன்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"இது முழுசா மூடுதா?"

"மூடும் சார். வேட்டி மாட்டாது."

கியர் சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் பையனிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருக்கணும்பா" என்றான். நானும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த வண்டி இப்போது பக்கத்துத் தெருத் தறிக்காரரின் மூத்த மகனிடம் இருக்கிறது. அவன் தறியில் உட்காரவில்லை, கம்பெனி வேலைக்குப் போகிறான். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் மூங்கில் மண்டபத்துக்கு வந்துவிடும். இருபத்து நாலு வயது, நல்ல உயரம், பேன்ட், தோளில் ஒரு பை, சுமை எதுவும் இல்லை. அவனுக்கும் அந்த வண்டிக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது. சாவியை மட்டும் என் மனைவி நேரடியாக அவனிடம்தான் கொடுத்தாள்.

நீல வண்டி வந்து ரெண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் தெருப் பையன்கள் "தாத்தா, லேடி பேர்டு!" என்று கத்தினார்கள். நான் பெல் அடித்தேன். பெல் இருக்கிறதே, அதற்குத்தானே. இப்போது கத்துவதில்லை. காலையில் டீக்கடை, அப்புறம் மார்க்கெட், வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோயில். கோயிலுக்குப் போகும்போது கூடையில் பூ, வரும்போது பிரசாதம்.

போன வாரம் அந்தத் தறிக்காரருக்குக் காய்ச்சல். ஒரு சேலையை அவசரமாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு, கூடையில் வைத்தேன். காந்தி ரோடு வரைக்கும் மெதுவாக, பள்ளம் பார்த்து ஓட்டினேன். பழைய பள்ளம் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் ரோடு.

கொடுத்த இடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். மடிப்புக்கூடக் கலையவில்லை. முழுக் கூலியையும் எண்ணி என் கையில் கொடுத்தார்கள். வரும் வழியில் அரைக் கிலோ பக்கோடா வாங்கி, பாதியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.